ஒரு பெட்டி சிவப்புக் கோட்டிலிருந்து புள்ளலூர்ச் சிப்பாய்ப் பட்டாளம்

கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மைசூர் ஐதர் அலிக்கும் நடந்த புள்ளலூர்ப் போரைப் பொம்மைப் படைகளை வைத்து மேசைமேல் ஆட, 28 மி.மீ. உயரப் பொம்மைகளில் ஒரு படை வேண்டும். கையில் இருப்பது பெர்ரி நிறுவனத்தின் அமெரிக்கச் சுதந்திரப் போர் ஆங்கிலேயக் காலாட்படைப் பெட்டி ஒன்று, பிளாஸ்டிக், 38 பேர். இதுவரை பிரஷ் பிடித்ததில்லை. இதிலிருந்து சிப்பாய்களைச் செய்ய முடியுமா, மாநிறத் தோலை எப்படித் தீட்டுவது, மைசூர் ராக்கெட்டை எப்படிச் செய்வது, எத்தனை பேர் போதும்?

முடியும், நன்றாகவே வரும். அந்தப் பெட்டி 1775 முதல் 1783 வரைக்குமான சீருடை, புள்ளலூர் 1780, ஆகவே கோட்டின் வெட்டும் துப்பாக்கியும் குறுக்குப் பட்டையும் காலத்தோடு பொருந்துகின்றன. மாற்றவேண்டியது தலை, கால், தோல், இந்த மூன்றுதான். உலோகத்தில் இந்தியச் சிப்பாய்களை வார்க்கிற சிறு நிறுவனங்கள் வெளிநாட்டில் உண்டு, ஆனால் தபால் செலவும் சுங்கவரியும் சேர்ந்தால் ஒரு பட்டாளத்துக்கே கை சுட்டுவிடும். அதைவிட, நீங்களே வெட்டிச் செய்த சிப்பாய்கள் மேசைமேல் நிற்கும்போது அது உங்கள் படை.

முதலில் ஒன்று, யானையை இப்போது தொடாதீர்கள். இந்தப் போரைச் செய்ய நினைக்கிற எல்லோருக்கும் ஐதர் அலியின் யானையும் திப்புவும் ராக்கெட்டும்தான் கண்ணில் நிற்கும், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அம்பாரியோடு ஒரு யானையை இரண்டு மாதம் தீட்டி முடித்தபோது அதைச் சுற்றி நிறுத்த ஓர் ஆள்கூட இல்லை. சிப்பாய்ப் பட்டாளத்திலிருந்து தொடங்குங்கள். கம்பெனியின் கர்னல் பெய்லி குண்டூரிலிருந்து கூட்டிவந்த படையும், காஞ்சிபுரத்தில் இருந்த கம்பெனித் தளபதி மன்ரோ உதவிக்கு அனுப்பிய பிளெச்சரின் படையும் சேர்ந்து ஏறத்தாழ 3,800 பேர். அதில் ஐரோப்பியர் சில நூறு பேர்தான், மற்ற எல்லோரும் இந்தியச் சிப்பாய்கள். பெட்டி அட்டைப் படத்தைப் பார்த்தால் ஆங்கிலேயர் படை மாதிரி தெரியும், ஆனால் அந்தக் களத்தில் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒரு பொம்மை நிஜப் படையில் இத்தனை பேருக்குச் சமம் என்று கணக்குப் போட்டுத் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 38 பேரை நான் பிரிக்கிற விதம் இது. 24 பேர் ஒரு சிப்பாய்ப் பட்டாளம், அதில் இரண்டு பேர் ஐரோப்பிய அதிகாரிகள், ஏனென்றால் கம்பெனிப் பட்டாளங்களில் மேலதிகாரிகள் அவர்கள்தான். 8 பேர் ஐரோப்பிய கிரனேடியர்கள் (உயரமும் பலமும் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீரர்கள்), மாற்றமே வேண்டாம், அப்படியே ஒட்டலாம். 4 உடல்கள் மைசூர் ராக்கெட் ஆட்களுக்கு. மீதி 2 பழகுவதற்கு, அவற்றைக் கெடுத்தாலும் பரவாயில்லை, கெடுக்கத்தான் வேண்டும். 40 மி.மீ. சதுரத் தட்டு ஒன்றில் நான்கு பேர் என்று நிறுத்தினால் சிப்பாய்கள் 6 தட்டு, ஐரோப்பியர் 2 தட்டு, மொத்தம் 8. பக்கத்துக்கு இரண்டாக வைத்தால், நாற்புறமும் எதிரியைப் பார்த்து நின்ற பெய்லியின் சதுர அணிவகுப்பு அப்படியே அமைந்துவிடும், நடுவில், போரில் வெடித்த வெடிமருந்து வண்டிக்கும் இடம் இருக்கும்.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் அச்சுக் கோட்டைச் சுரண்டிவிடுங்கள். அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு மேடு இருக்கும். கட்டர் கத்தியின் முதுகால் மெதுவாக இழுத்தால் போய்விடும், கூர்முனையால் இழுத்தால் பள்ளம் விழும். இப்போது தெரியாது, பெயின்ட் அடித்த பிறகு தொப்பியின் நடுவிலும் கையின் பக்கவாட்டிலும் பளிச்சென்று காட்டும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேரும் இடத்துக்கு பாலிஸ்டைரீன் சிமென்ட் வாங்குங்கள், அது இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒரே துண்டாக்கிவிடும். ஃபெவிக்விக் மாதிரியான பசை மேலே உட்கார்ந்து பிடிக்கும், அவ்வளவுதான், கீழே விழுந்தால் கை தனியாக வந்துவிடும். புட்டியையும் உலோகத்தையும் ஒட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாற்ற வேலை. காலிலிருந்து தொடங்கலாம், அது சுலபம். பெட்டியில் உள்ளவர்களுக்குக் கால் கணுக்கால்வரை துணியால் மூடியிருக்கும். அந்தக் காலத்து மதராஸ் சிப்பாய் அணிந்தது தொடை நடுவோடு நின்றுவிடுகிற வெள்ளை அரைக்கால் டவுசர், கீழே வெறுங்கால் அல்லது செருப்பு. தொடையின் நடுவில் கத்தியால் சுற்றிலும் ஒரு கோடு கீறுங்கள், கோட்டுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக்கை மெல்லிய சீவலாகச் சீவி எடுங்கள், 0.25 மி.மீ. போதும், அதற்குமேல் போனால் கால் குச்சியாகிவிடும். மடிப்பும் பொத்தான்களும் போகும்வரை சீவிவிட்டு நெயில் ஃபைலால் வழவழப்பாக்குங்கள். ஷூவின் குதிகாலை வெட்டி எறியுங்கள், முன்பக்கத்தைச் சற்றுத் தட்டையாக்கி நான்கு சிறு வெட்டுப் போட்டால் ஐந்து விரல். முழங்கால் முட்டி இருக்கிறதா என்று கவலைப்பட வேண்டாம், அதைப் பெயின்ட் பார்த்துக்கொள்ளும். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும், நான்காவது ஆளிலிருந்து ஐந்து நிமிடம்.

தலைதான் முக்கியம், அங்கே நிதானமாக இருங்கள். கைநீட்டும் தூரத்திலிருந்து பார்க்கும்போது கண் முதலில் போவது தலைக்குத்தான், தலைப்பாகை சரியாக இருந்தால் கீழே நூறு தப்பு இருந்தாலும் ஆள் சிப்பாய்தான். தொப்பியைப் புருவத்துக்குச் சற்று மேலே நேராக வெட்டி எடுங்கள், முகமும் காதும் தப்பவேண்டும். பின்னால் தொங்கும் சடையையும் சீவிவிடுங்கள். அப்புறம் கிரீன் ஸ்டஃப், நீலமும் மஞ்சளுமாக நாடா வடிவில் வரும் இரட்டைப் புட்டி. இரண்டு நிறமும் ஒட்டியிருக்கும் நடுப்பகுதி ஏற்கெனவே இறுகியிருக்கும், அதை இரண்டு மி.மீ. அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட்டுத்தான் பிசையவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கட்டிகட்டியாக நெருடும். ஒரே பச்சையாகும்வரை பிசைந்து, மிளகு அளவு உருண்டை எடுத்துத் தலைமேல் வைத்துச் சற்று அழுத்தி, அன்றைக்கு விட்டுவிடுங்கள். இது வெறும் உட்கரு.

மறுநாள் அது கல்லாகிவிட்டிருக்கும். இப்போது புதுப்புட்டியைக் கண்ணாடித் தட்டின்மேல் விரலால் உருட்டி சேமியா மாதிரி இழையாக்குங்கள், தட்டில் தண்ணீர் தடவியிருக்கவேண்டும். இழையைச் சற்றுத் தட்டி, நெற்றியின் ஒரு பக்கம் தொடங்கிச் சாய்வாகச் சுற்றி எதிர்ப்பக்கம் மேலே முடியுங்கள், அடுத்த இழை எதிர்த்திசையில். நிஜத் தலைப்பாகை கட்டுகிற வரிசையே அதுதான், தாத்தாக்கள் யாராவது கட்டும்போது பார்த்திருந்தால் கை தானாகப் போகும். கடைசியில் ஈரப் பல்குச்சியால் மடிப்புக்கு மடிப்பு ஒரு கீறல். புட்டி ஒன்றரை மணிநேரம்வரை சொன்னபடி கேட்கும், முதல் அரைமணியில் ரொம்ப ஒட்டும், அதனால் பிசைந்து இருபது நிமிடம் கழித்துத் தொடங்குவது நல்லது. ஒட்டாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் இறுகிய பிறகு சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் கழுவியே ஆகவேண்டும், எண்ணெய் மேல் பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, நிற்காது. ஹார்டுவேர் கடை எம்-சீல் தலைப்பாகைக்குச் சரிப்படாது, மணல்மணலாக இருக்கும், நுண்ணிய மடிப்பு நிற்காது. அதைப் பின்னால் வரும் பீரங்கி மாட்டுக்கும் தரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதைவிட மலிவாக வேறு எதுவும் இல்லை. 22 தலைப்பாகையையும் ஒரே நாளில் செய்ய உட்காராதீர்கள். மாலைக்கு நான்கு, அதற்குமேல் கை சலித்துப்போய் ஒரே மாதிரி உருண்டையாகச் செய்யத் தொடங்கிவிடும்.

பிரைமர் விஷயத்தில் நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுங்கள். ஸ்ப்ரே பிரைமர் ஈரக்காற்றில் பொம்மைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி உலர்ந்து, மேலே மாவு தூவிய மாதிரி சொரசொரப்பாகிவிடும். விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று மொட்டைமாடிக்குப் போகிறார்கள், அப்போதுதான் காற்றில் ஈரம் அதிகம். மழையில்லாத நாளில் மதியம், நிழலில் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடவே வேண்டாம், பிரஷ்ஷால் பூசுகிற பிரைமர் வாங்கி இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். கார் பெயின்ட் கடை ஸ்ப்ரே சிலவற்றில் கரைப்பான் காட்டமாக இருக்கும், பிளாஸ்டிக்கை அரித்துவிடும். முதலில், பொம்மைத் துண்டுகள் ஒட்டிவந்த பிளாஸ்டிக் சட்டத்தில் மிச்சமான துண்டில் அடித்துப் பாருங்கள். நிறம் பழுப்பு. கறுப்புமேல் சிவப்பு மங்கும், வெள்ளைமேல் ஒவ்வொரு சந்திலும் வெள்ளை எட்டிப்பார்க்கும். பழுப்பு பாதித் தோல் வேலையையும் முடித்துத் தந்துவிடும்.

தோலைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும். கிடைக்கிற பாடங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலை வைத்துச் சொல்லிக்கொடுப்பவை, அதையே இருட்டாக்கிச் செய்தால் முகம் சாம்பல் பூசினாற்போல ஆகிவிடுகிறது. காரணம் ஒன்றுதான், வெளிச்சம் காட்ட வெள்ளை கலக்கிறார்கள். மாநிறத்தில் வெள்ளை கலந்தால் உயிர் போய்விடும். வெளிச்சத்துக்கு மஞ்சள்காவியும் கொஞ்சம் ஆரஞ்சும்தான். வயேஹோ (Vallejo) நிறுவனத்து பெயின்டில் நான் செய்வது இப்படி: பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பைக் கொண்டு முகம், கை, கால் முழுக்க ஒரு பூச்சு. அதன்மேல் சாடில் பிரவுன் என்ற செம்பழுப்பு, நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு, தாடை, விரல் முட்டி, முழங்கால், கெண்டைக்கால் என்று வெளிச்சம் விழும் மேடுகளில் மட்டும். மூன்றாவது அதே சாடில் பிரவுனில் மஞ்சள்காவி கலந்து மூக்கு நுனி, கன்னத்தின் உச்சி, விரல் கணுக்கள், கால்விரல்கள். கீழுதட்டுக்குப் பழுப்பில் ஒரு துளி ஊதா. உள்ளங்கை தெரிந்தால் அதற்கு வெளிர் நிறம். அவ்வளவுதான், மூன்று அடுக்கு.

22 சிப்பாய்களுக்கும் ஒரே தோலா என்றால், கூடாது. ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், எத்தனை நிறம்! நான் மூன்று கிண்ணம் வைத்துக்கொள்வேன். மேலே சொன்னது ஒன்று, அதில் கறுப்பும் நீலமும் ஒவ்வொரு துளி விட்டது ஒன்று, சற்றுச் செம்மையாக வெளிறியது ஒன்று. தட்டில் நிற்கும் நால்வரில் இருவர் நடு, ஒருவர் கறுப்பு, ஒருவர் சிவப்பு என்று கலந்துவிட்டால் பட்டாளம் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பட்டாளம் செலவானது. வெள்ளைத் தோலில் முகத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஓர் இருட்டுக் கோடு போட்டால் இரண்டும் பிரிந்து தெரியும். மாநிற முகத்துக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே இருட்டுக் கோடு போட்டால் இரண்டும் ஒன்றாகக் கலங்கிப்போகும், கொஞ்சம் தள்ளி நின்றால் தலை எங்கே முடிகிறது என்றே தெரியாது. அங்கே வேண்டியது வெளிச்சக் கோடு. கழுத்தில் சட்டைப்பட்டையை ஐவரி நிறத்தில் மெல்லிதாக இழுங்கள், தலைப்பாகை இருட்டு நிறமென்றால் நெற்றியோரம் அதன் அடிமடிப்பை ஒரு படி வெளிற வையுங்கள். இந்த இரண்டு கோடும் முகத்தைத் தூக்கி நிறுத்திவிடும். கண்ணை வரையவே வேண்டாம். புருவத்தடியில் பர்ன்ட் அம்பர் நிழல் அப்படியே இருந்தால் போதும், மீசை மட்டும் கறுப்பில் ஒரு இழுப்பு.

சிவப்புக் கோட்டில் ஒரு தகவல் உதவும். அந்தக் காலத்தில் ஆங்கிலேயச் சீருடையில் சாதாரண வீரனின் துணி மஞ்சிட்டிச் சாயத்தில் தோய்த்தது, செங்கல் நிறத்தை ஒட்டிய சிவப்பு. அதிகாரியின் துணி கொச்சினீல் பூச்சிச் சாயம், பளிச்சென்ற செஞ்சிவப்பு. அதனால் 22 பேருக்கும் சிவப்பில் கொஞ்சம் பழுப்புக் கலந்து தீட்டுங்கள், இரண்டு அதிகாரிகளுக்கு மட்டும் கலப்பில்லாத சிவப்பு. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தே அதிகாரி எங்கே என்று தெரிந்துவிடும். மடிப்பு மேட்டில் வெளிச்சம் காட்ட ஆரஞ்சு கலவுங்கள், வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிவிடும். டவுசருக்கும் குறுக்குப் பட்டைக்கும் நேரடியாக வெள்ளை அடிக்காதீர்கள். வெளிர் காக்கி அடித்தளம், மேலே ஐவரி, பட்டையின் நடுவில் மட்டும் சுத்த வெள்ளை ஒரு கோடு. கோட்டின் கழுத்துப்பட்டைக்கும் கைமடிப்புக்கும் ஒரு நிறம் தேர்ந்தெடுத்து அதைப் பட்டாளம் முழுக்க மாற்றாமல் வையுங்கள்.

எட்டு எட்டாகத் தீட்டுங்கள். எட்டுப் பேருக்கும் தோல், எட்டுப் பேருக்கும் சிவப்பு, அப்புறம் வெள்ளை. இருபத்துநான்கையும் வரிசையில் வைத்தால் மூன்றாம் நாள் அலுத்துவிடும், ஒவ்வொன்றாகச் செய்தால் முதலாமவனும் கடைசியாளும் வேறு வேறு நிறத்தில் நிற்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணிநேரம் உட்கார்ந்து எனக்கு ஒரு பட்டாளத்துக்கு ஏழு வாரம் ஆனது, மாற்ற வேலை இல்லாமல். பிரஷ் 1ஆம் எண் போதும், நுனி கூராக இருக்கவேண்டும். மூன்று சுழியன் போட்ட பிரஷ்ஷில் பெயின்ட் தங்காது, பொம்மைக்குப் போவதற்குள் உலர்ந்துவிடும். தீட்டும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை, விசிறி ஓடினால் அக்ரிலிக் பெயின்ட் நுனியிலேயே தோல் கட்டும். டிஃபன் டப்பா மூடியில் ஈரமான டிஷ்யூவை மடித்துப் போட்டு, மேலே பட்டர் பேப்பர் விரித்து அதில் பெயின்டை வையுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். ஓரத்தில் சின்னச் செப்புக் கம்பித் துண்டு போட்டு வையுங்கள், பூஞ்சை பிடிப்பது குறையும்.

ராக்கெட்டுக்கு வருவோம். லண்டனில் பாதுகாக்கப்பட்டிருந்த மைசூர் ராக்கெட் ஒன்றின் இரும்புக் குழல் ஏறத்தாழ 254 மி.மீ. நீளம், 58 மி.மீ. விட்டம், அதோடு ஒரு மீட்டர் அளவில் நேரான வாள் அலகு கட்டியிருக்கும், இன்னொரு ராக்கெட்டில் 1.9 மீட்டர் அளவில் மூங்கில் கம்பு. 2018ல் ஷிமோகா மாவட்டம் நகராவில் வறண்ட கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேலாக இந்தக் குழல்கள் வெளிவந்தன. 28 மி.மீ. பொம்மை ஏறக்குறைய 1:56 அளவு. வகுத்துப் பார்த்தால் குழல் நாலரை மி.மீ. நீளம், ஒரு மி.மீ. தடிமன், மூங்கில் கம்பு 34 மி.மீ. இதற்குக் கடைக்கே போகவேண்டாம். 1 சதுர மி.மீ. ஒற்றைக்கம்பி வயரை உரித்தால் உள்ளே இருக்கும் செப்புக் கம்பி 1.1 மி.மீ., அதில் நாலரை மி.மீ. நறுக்கினால் குழல். மூங்கிலுக்குத் தென்னை விளக்குமாற்று ஈர்க்கு, நுனிப்பக்கம் மெலிதான பகுதி. ஈர்க்கில் இயல்பாகவே ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் குழல் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும், இரண்டு இடத்தில் தையல் நூலின் ஒற்றை இழையைச் சுற்றி ஃபெவிக்விக் ஒரு சொட்டு. ஈர்க்கு முழுவதும் அதே பசையைத் தடவி மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் குடித்து வளையும். அப்புறம் குழலுக்குத் துருப்பழுப்பு, கம்புக்குக் காய்ந்த வைக்கோல் நிறம். இருபது நிமிடத்தில் ஒரு டஜன் செய்துவிடலாம். நான்கு ராக்கெட் ஆட்களுக்கும் கோட்டு வாலை வெட்டிவிட்டு, பட்டைகளைச் சுரண்டி, இடுப்பிலிருந்து முழங்கால்வரை கிரீன் ஸ்டஃபால் தொங்கலான அங்கி கொடுங்கள். ஒருவன் தோளில் கட்டாகச் சுமக்கட்டும், ஒருவன் தரையில் சாய்த்துப் பிடிக்கட்டும். பறக்கிற ராக்கெட்டைக் கம்பியில் பஞ்சோடு தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது, ஆட்டத்தில் கை பட்டு முதலில் உடைவது அதுதான்.

மைசூர்ப் பக்கம் பெரிதாக்கும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள், எந்த வருடம் என்று. புலிவரிச் சீருடை பார்க்க அழகு, எல்லோருக்கும் ஆசை, ஆனால் அது திப்பு ஆட்சிக்கு வந்த பிறகு வந்த அடையாளம். ஐதர் இறந்தது 1782 டிசம்பரில். புள்ளலூரில் படைத்தலைமை ஐதருடையது, திப்பு இளவரசர். புலிவரி போட்டுவிட்டால் அந்தக் காலாட்படை 1790க்குப் பிந்தைய போர்களுக்குத்தான் சரி. நான் புள்ளலூருக்கென்று குதிரைப்படையை அதிகமாகவும் காலாட்படையைக் குறைவாகவும் வைத்திருக்கிறேன், ஐதரின் பலமே குதிரைதான். நிறத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் பாக் அரண்மனைச் சுவரோவியத்தைப் போய்ப் பாருங்கள். 1784ல் திப்பு வரையவைத்தது, பிற்காலத்தில் மீண்டும் தீட்டப்பட்டது, ஆகவே பொத்தான்வரை நம்பவேண்டாம், ஆனால் நடுவில் சிவப்புச் சதுரம், அதற்குள் பல்லக்கில் பெய்லி, வெடிக்கிற வண்டி, சுற்றிலும் குதிரைகள் நெருக்கும் விதம், எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

பீரங்கி இழுக்கும் மாடு பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். வெளிநாட்டுப் பொம்மைப் பெட்டிகளில் வரும் மாட்டுக்குத் திமில் கிடையாது, இந்தியப் படையில் அதை நிறுத்தினால் பார்த்த உடனே தப்பாகத் தெரியும். மைசூர் பீரங்கிகளை இழுத்தது அம்ரித்மகால் வகை, சாம்பல் நிறம், நீண்டு பின்னோக்கி வளையும் கூர்கொம்பு. பொம்மைக் கடையில் தோள் உயரம் 25 மி.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் மாடு தேடிப் பிடித்து, கொம்பை வெட்டிவிட்டுச் செப்புக் கம்பியில் வளைத்து வையுங்கள், திமிலுக்கும் கழுத்தடித் தொங்கலுக்கும் எம்-சீல். நடுச்சாம்பலில் தொடங்கி முதுகுப்பக்கம் வெளிற்றி, கழுத்தும் திமிலும் சற்றுக் கறுக்க விட்டால் போதும்.

தரை சுருக்கமாக. ஆற்றுமணலை டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் விட்ட ஃபெவிகால் மேல் தூவி, காய்ந்ததும் பழுப்பு பெயின்ட், அதன்மேல் வெளிர்காவி உலர்பிரஷ், அதாவது பிரஷ்ஷில் உள்ள பெயின்டை ஏறக்குறையத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் தேய்ப்பது. கடல்மணல் வேண்டாம், உப்பு வெளியே பூக்கும். பச்சைப் புல்லை அங்கங்கே ஒரு கொத்து, அவ்வளவுதான், இங்கிலாந்துப் புல்வெளி மாதிரி ஆக்கிவிடாதீர்கள். மேசை அலங்காரத்துக்குப் பனைமரமும் ஓர் ஏரிக்கரையும் இருந்தால் காஞ்சிபுரத்துப் பக்கம் வந்துவிடும். முடிந்தால் ஒருமுறை புள்ளலூர் போய்வாருங்கள், காஞ்சியிலிருந்து ஒரு காலைப்பொழுது போதும். அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத்தூண்கள் வயல் பக்கத்தில் நிற்கின்றன. மண்ணின் நிறத்தைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் அங்கே எடுத்த படத்தை வைத்துத்தான் காவியைக் கலக்கினேன்.

கொடி அச்சடித்து ஒட்டும்போது இணையத்தில் முதலில் கிடைக்கிற யூனியன் கொடியை எடுத்துவிடாதீர்கள். இப்போதிருக்கும் கொடியில் உள்ள சிவப்புக் குறுக்குச் சாய்கோடு அயர்லாந்துக்காக 1801ல் சேர்த்தது. 1780க்கு நீலத்தில் வெள்ளைச் சாய்கோடு, நடுவில் சிவப்புச் சிலுவை மட்டும். காகிதத்தில் அடித்து, ஃபெவிகால் ஈரம் காய்வதற்குள் பென்சிலில் சுற்றி வளைத்துவிடுங்கள், ஓரத்தில் தெரியும் வெள்ளைக் காகித விளிம்புக்கு அதே நிறம் தொட்டுவிடுங்கள்.

எட்டுத் தட்டும் முடிந்த பிறகு வெடிமருந்து வண்டி. இரண்டு சக்கரப் பெட்டி வண்டி, ஐஸ்குச்சியில் செய்தால் போதும், சக்கரம் பழைய பொம்மையிலிருந்து. இரண்டு வண்டி செய்யுங்கள். ஒன்று முழுசு, சதுரத்தின் நடுவில் ஆட்டம் தொடங்கும்போது நிற்பது. இன்னொன்று உடைந்தது, பக்கப்பலகை பிய்ந்து, ஒரு சக்கரம் கழன்று, தட்டின் நடுவில் பேட்டரி டீலைட் விளக்கு ஒன்று, அதன்மேல் தலையணைப் பஞ்சு, அடியில் மஞ்சளும் ஆரஞ்சும் மேலே கறுப்பும் ஸ்ப்ரே அடித்தது. ராக்கெட்டோ குண்டோ வண்டியில் பட்டதாகப் பகடை சொன்னதும் முதல் வண்டியை எடுத்துவிட்டு இதை வைத்து விளக்கைப் போடுங்கள். ஆரஞ்சு வெளிச்சம் சுற்றி நிற்கும் சிப்பாய்களின் முதுகில் விழும், அதனால் உட்பக்கம் திரும்பிய முதுகுகளையும் அரைகுறையாக விடாமல் தீட்டி வையுங்கள்.